வளர்ப்பில் என்ன குறை?

1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து பால்டிமோர் நகரத்துக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் பீமன் டிரிப்லெட் என்ற வழக்கறிஞர். பெற்றுக்கொண்டவர் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கேனர். தட்டச்சில் 33 பக்கம். மகன் டொனால்ட் எதைச் சாப்பிடுகிறான், எதைக் கண்டால் மிரள்கிறான், எந்தப் பொருளைச் சுழலவிட்டு வேடிக்கை பார்க்கிறான், எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார் அந்தத் தகப்பனார். அதற்கு முன்பே அவரும் மனைவி மேரியும் மருத்துவர்களின் பேச்சைக் கேட்டு, மூன்று வயதுப் பிள்ளையைக் காப்பகம் ஒன்றில் விட்டுவிட்டு, ஓராண்டு கழித்து மனம் கேட்காமல் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

1943இல் கேனர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகம் தனியாக அடையாளம் கண்டது அதிலிருந்துதான். முதல் குழந்தை டொனால்ட். ஆனால் அதே கட்டுரையில் கேனர் இன்னொன்றையும் குறித்து வைத்தார். இந்தப் பெற்றோர்கள் எழுதிக் கொடுத்த விரிவான குறிப்புகளே அவர்களுடைய மிகையான நுணுக்கப் பிடிவாதத்துக்குச் சான்று என்றார். இவர்களில் கனிவான அப்பா அம்மாக்கள் மிகக் குறைவு என்றும் எழுதினார். பிள்ளைக்கு வழி தேடி ஒருவர் எழுதிய 33 பக்கம் அவர் மீதே குற்றச்சாட்டாகத் திரும்பியது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஏன் இவ்வளவு மன அழுத்தம் என்று கேட்பவர்கள் முதலில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நோய்க்குறி கண்டுபிடிக்கப்பட்ட அன்றே பழியும் பிறந்துவிட்டது.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு அந்தப் பழிதான் அமெரிக்க மருத்துவத்தில் கோலோச்சியது. தாய்க்குப் பாசம் இல்லை, குளிர்பெட்டியைப் போல் உறைந்த மனசு, அதனால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்றார்கள். ‘ரெஃப்ரிஜிரேட்டர் மதர்’ என்று பெயரே வைத்தார்கள். சிகாகோவில் உறைவிடப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் எழுதிய ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரெஸ்’ நூலில், இந்தக் குழந்தைகளின் ஒடுக்கத்தை நாஜி வதைமுகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். பெட்டல்ஹெய்மே அந்த முகாம்களில் அடைபட்டு மீண்டவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அந்த ஒப்பீட்டில் முகாம் காவலரின் இடத்தில் நின்றது யார் என்று தாய்மார்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதை உடைத்தவர்களும் பெற்றோர்கள்தான். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, இது மூளை சார்ந்த நிலை, வளர்ப்பால் வந்ததல்ல என்று 1964இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை கொடுத்தவர் கேனரே. மறு ஆண்டு ரிம்லாண்டும் வேறு சில பெற்றோரும் சேர்ந்து தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெட்டல்ஹெய்மின் நூல் வெளிவந்த அதே 1967இல், கிளாரா கிளேபோர்ன் பார்க் என்ற தாய் தன் மகளை வளர்த்த அனுபவத்தை ‘தி சீஜ்’ என்று நூலாக்கினார். இங்கிலாந்தில் லோர்னா விங் என்ற மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். 1962இல் அங்கே பெற்றோர் சங்கம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்ததல்ல, பல நிலைகளில் பரந்து கிடப்பது என்ற இன்றைய புரிதலையும் பெருமளவுக்கு அவர்தான் உருவாக்கினார்.

1969இல் அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த கேனர், மேடையிலிருந்தே பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1977இல், சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். அறிவியலைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்தது.

நம் வீடுகளில்தான் அது இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கிறது என்பது இந்தப் பாதையில் போன எந்த வீட்டுக்கும் தெரியும். குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாய் முதலில் பதறும்போது, “அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான், ஒண்ணும் இல்ல, போ” என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்ததும் அதே வாய்கள் வேறு விதமாகப் பேசும். வேலைக்குப் போனாள், போனைக் கையில் கொடுத்துவிட்டாள், தனிக்குடித்தனம் வந்ததால் பேச்சுக் கொடுக்க ஆளில்லை, மாசமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே போனாள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யவில்லை. முதலில் கவலைப்பட்டதும் அவள் குற்றம், பிறகு கவனிக்காமல் விட்டதும் அவள் குற்றம்.

அளவுக்கு மீறிய திரை எந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல. பேச்சு தாமதமாவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் போனைப் பிடுங்கி வைத்தால் ஆட்டிசம் போய்விடும் என்று நம்புவதும் நம்பவைப்பதும் பழைய ரெஃப்ரிஜிரேட்டர் கதைக்குப் புதுச் சட்டை மாட்டுவதுதான்.

பழி ஒரு பக்கம் இருக்க, அன்றாட உழைப்பு தனிக் கணக்கு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தை நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து குதித்தால் வீட்டில் யாரும் தூங்க முடியாது; காலையில் அலுவலகத்துக்கு அந்தச் சாக்கைச் சொல்லவும் முடியாது. ஒரே நிறத்தில், ஒரே பதத்தில் இருந்தால் மட்டும் சாப்பிடும் குழந்தைக்குத் தயிர்சாதத்தில் ஒரு கடுகு கிடந்தாலும் தட்டு பறக்கும். முடிவெட்டுவது, நகம் வெட்டுவது, பல் மருத்துவரிடம் போவது என ஒவ்வொன்றும் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய காரியம். பேருந்தின் ஹார்ன், கல்யாண மண்டபத்து நாதஸ்வர மேளம், தீபாவளி வெடி எல்லாம் சில குழந்தைகளின் காதில் தாங்க முடியாத வலியாக இறங்குகின்றன. அந்த வலியில் குழந்தை தரையில் புரண்டு கத்தும்போது சுற்றி நிற்பவர்கள் பார்ப்பது என்னவோ அடங்காத பிள்ளையைத்தான்.

கதவு திறந்திருந்தால் வெளியே ஓடிவிடுவது இன்னொரு பயம். அமெரிக்காவில் கோனி ஆண்டர்சன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக்கு மேல் ஒருமுறையாவது இப்படி ஓட முயன்ற குழந்தைகள் 49 சதவீதம். கதவின் உச்சியில் கைக்கெட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்ட வீடுகள் சென்னையிலும் மதுரையிலும் உண்டு. பேர் சொல்லத் தெரியாத, தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும் குழந்தை ஐந்து நிமிடம் கண்ணில் படாமல் போனால் அந்த ஐந்து நிமிடம் என்ன பாடு படுத்தும் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த உழைப்பு உடம்பில் பதிவாகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்ஷா மெயிலிக் செல்ட்ஸர் குழுவினர், ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களை எட்டு நாள் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் மாலை தொலைபேசியில் விசாரிப்பு. சில நாட்கள் எச்சில் மாதிரி எடுத்து, நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் அளவைப் பார்த்தல். 2010இல் முடிவுகள் வந்தன. மற்ற தாய்மார்களைவிட இவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பராமரிப்பில் செலவிட்டார்கள். நான்கு நாளில் ஒரு நாள் இவர்களுடைய அலுவலக வேலை இடையில் தடைபட்டது. மற்றவர்களுக்கு அது பத்தில் ஒரு நாள்கூட இல்லை. கார்டிசால் அளவோ, வழக்கமாக இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருந்தது. நெருக்கடி ஆண்டுக்கணக்கில் நீளும்போது உடல் சோர்ந்து, மணியடிப்பதையே நிறுத்திவிடும் நிலை அது. போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இதே போக்கு காணப்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள்.

போர்வீரர் ஒப்பீட்டை உலகப் பத்திரிகைகளெல்லாம் தலைப்பாக்கின. அதே ஆய்வில் இருந்த இன்னொரு செய்தியை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. நாளின் மகிழ்ச்சியான தருணங்களைக் கேட்டபோது, இந்தத் தாய்மார்கள் மற்ற தாய்மார்களுக்குக் குறையாமல் சொன்னார்கள். பிறருக்கு உதவுவதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. சோர்வும் சந்தோஷமும் ஒரே நாளில் ஒரே வீட்டில் இருக்கின்றன. இந்தக் குடும்பங்களை இருட்டு அறைகளாகச் சித்தரிப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

விவாகரத்து விஷயத்திலும் இப்படி ஒரு மிகை உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை பிறந்தால் 80 சதவீதத் தம்பதியர் பிரிந்துவிடுகிறார்கள் என்று அமெரிக்காவில் பல காலம் சொல்லி வந்தார்கள். அதற்கு ஆதாரமே கிடையாது. சிக்ரிட் ஹார்ட்லி குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வில் விவாகரத்து விகிதம் 23.5 சதவீதம், ஒப்பிட்டுப் பார்த்த பிற குடும்பங்களில் 13.8. பிரையன் ஃப்ரீட்மன் குழு 2012இல் தேசிய கணக்கெடுப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தபோது, இரு பெற்றோருடனும் வாழும் ஆட்டிசக் குழந்தைகள் 64 சதவீதம், மற்ற குழந்தைகள் 65. வித்தியாசமே இல்லை எனலாம். ஹார்ட்லி ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று: மற்ற குடும்பங்களில் குழந்தை வளர வளரப் பிரிவின் அபாயம் குறைகிறது, இங்கே அது பிள்ளை வாலிபனாகும் வரை குறையவே இல்லை. காரணம் எளிது. மற்ற வீடுகளில் குழந்தை வளர்ப்பு ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடும்.

நம் ஊரில் பிரிவு கோர்ட்டுக்குப் போகாமலேயே நடக்கும். மனைவி குழந்தையோடு சென்னையில் வாடகை வீட்டில். கணவர் சொந்த ஊரில் அல்லது வளைகுடாவில். தெரபி மையங்கள் பெரிய நகரங்களில் குவிந்திருப்பதால் வந்த ஏற்பாடு இது. ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேட்டர் என மாதாமாதம் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். தாய் வேலையை விட்டிருப்பாள். அதாவது செலவு இரட்டிப்பாகும் அதே மாதத்தில் வருமானம் பாதியாகும். அப்பாக்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தெரபி மையத்தின் காத்திருப்பு நாற்காலியில் தாய்மார்களுக்கு ஒரு சினேகிதியாவது கிடைப்பாள். பணம் அனுப்பும் தகப்பனுக்கு அதுவும் கிடையாது. ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கத்தில் 2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ படம் ஒரு தகப்பனை மையத்தில் வைத்தது தமிழில் அபூர்வமான காரியம்.

பயமும் குற்றவுணர்வும் கூடிய வீடு வியாபாரிகளுக்குத் திறந்த வீடு. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010இல் ‘லான்செட்’ இதழ் அதைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் ரத்தானது. ஆனாலும் ஊசி போட்டதால்தானோ என்ற உறுத்தல் இன்றும் பெற்றோரைக் குடைகிறது. இந்தியாவில் பெரிய வலை ஸ்டெம்செல் சிகிச்சை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு குழந்தைக்கு ஊசி போட்டார்கள். ஆட்டிசத்துக்கு இது பரிந்துரைக்கத்தக்க சிகிச்சை அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துப் போன பெற்றோரை ஏமாளிகள் என்று சிரிப்பது சுலபம். உண்மையான உதவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஊரில்தான் பொய் உதவி இவ்வளவு விலை போகிறது.

பள்ளிக்கூடம் அடுத்த மதில். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது; ஆட்டிசம் அவற்றில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. சட்டம் இப்படி இருக்க, “எங்ககிட்ட வசதி இல்ல மேடம், மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க” என்ற பதிலோடு திரும்பி வருபவர்கள் ஏராளம். சான்றிதழுக்கு ஒரு அலைச்சல், அடையாள அட்டைக்கு ஒரு அலைச்சல். கூட்டத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாத குழந்தையைத்தான் அந்த வரிசைகளில் நிற்கவைக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எது உதவுகிறது? இதற்கும் ஆய்வுகளில் பதில் இருக்கிறது, நம்பிக்கை தரும் பதில்.

அமெரிக்காவில் எலிசபெத் டைகன்ஸ் குழுவினர் ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் கொண்ட பிள்ளைகளின் தாய்மார் 243 பேருக்கு ஆறு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஒன்றரை மணி நேரம். ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சியும் மனதை நிகழ்காலத்தில் நிறுத்தும் பயிற்சியும். இன்னொரு குழுவுக்குக் குற்றவுணர்வையும் கவலையையும் கையாளும் வழிகள். இரண்டு குழுக்களிலும் மன அழுத்தமும் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்தன. இதில் முக்கியமான சங்கதி, பயிற்சி கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சக தாய்மார்கள்.

இந்தியாவில் இதற்கு முன்னோடி டெல்லியின் ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’. ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெர்ரி பருவா 1991இல் தொடங்கியது. பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து சில மாதம் தங்கிப் பயிலும் திட்டம் அங்கே உண்டு; பல மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. தெரபிஸ்ட் முக்கால் மணி நேரம் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தான் என்பதால், சொல்லிக் கொடுக்க வேண்டியது பெற்றோருக்கே என்பது அதன் அடிப்படை. 2016இல் வெளியான ‘பாஸ்’ என்ற ஆய்வு இன்னொரு படி முன்னே போனது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலுமாக 65 குழந்தைகள். நிபுணர் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வந்துவிடவில்லை. ஆனால் பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பதில் கொடுப்பது கூடியது; குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடிப் போகும் ஏற்பாட்டில் நெடுநாள் அனுபவம் உள்ள தமிழ்நாடு, இந்த ஆய்வை வேறு எந்த மாநிலத்தையும்விடக் கூர்ந்து படிக்க வேண்டும்.

தமிழில் படிக்கவும் இப்போது சில உண்டு. எழுத்தாளர் எஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, அவரது ‘துலக்கம்’ நாவல், லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஆகியவை பெற்றோர் தரப்பிலிருந்து வந்தவை. இவற்றோடு எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர், 1993இல் டொராண்டோ மாநாட்டில் பெற்றோர்களை நோக்கிப் பேசினார்: நீங்கள் கற்பனை செய்த ஒரு குழந்தைக்காகத் துக்கம் காக்கிறீர்கள், எதிரே நிற்கும் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். பல பெற்றோருக்கு அது கசந்தது. ஆனால் பெற்றோரின் அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது குழந்தையையே பிரச்சினையாக்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. தூக்கமின்மை, பணமின்மை, பள்ளியின் மறுப்பு, உறவினர் பேச்சு என்று பிரித்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பகுதி பெரியவர்களால் மாற்றக்கூடியது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? டொனால்ட் டிரிப்லெட் குடும்ப வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே வெளிநாடுகள் சுற்றினார், ஊரார் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்திருந்தார்கள். 2023இல் 89 வயதில் காலமானார். அவருக்குப் பின்னால் வசதியான குடும்பம் இருந்தது, அவர் செலவுக்கு நிதி ஒதுக்கி வைத்திருந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது வாய்ப்பதில்லை. இருக்கும் உரிமைகளையாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பொருந்தும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர்கள் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு. தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பலர் இவற்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படி ஒரு வீடு இருந்தால், எந்தக் கோயிலுக்குப் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாதீர்கள். அவர்கள் எல்லாம் கேட்டாயிற்று. குழந்தைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நாலைந்து தடவை போய்ப் பழகுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ரெண்டு மணி நேரம் நான் இவன்கூட இருக்கேன், நீங்க போய்த் தூங்குங்க அக்கா” என்று சொல்லுங்கள்.